மௌனம் சம்மதம் ஆகுமா?



மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெண் பார்க்கச் சென்ற வீட்டில் மணப்பெண் தலை குனிந்து பேசாமல் நின்றால், அதையே சம்மதமாகக் கொண்டு தட்டு மாற்றிவிடுவார்கள். வீட்டு விசேஷத்துக்கு இது பொருந்தலாம். ஒரு நாட்டின் ஆட்சிக்குப் பொருந்துமா? மக்களவை பேசாமல் இருந்தால் ஆட்சித் தலைவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? இன்றைய பேச்சில் நாம் ஆராயப்போவது இந்த வினாவைத்தான். அமெரிக்க ஐக்கிய நாட்டில், அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவதற்காக 1970களில் இயற்றப்பட்ட மூன்று சட்டங்களின் வரலாறு நமக்குப் பாடமாக அமையும்.

அதற்கு முன் நம் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் பணியாற்றும் தோட்டப்பள்ளியில் விளையாட்டுப் பொருள்களை வைக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. ஓர் ஆண்டு, வகுப்புத் தலைவனிடம் அந்த அறையின் சாவியைக் கொடுத்து, "நாம் திரும்பக் கேட்கும்வரை நீயே வைத்துக்கொள்" என்றோம். கேட்க மறந்துபோனோம். ஆண்டு முழுவதும் சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. யாருக்குப் பந்து கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது மெல்ல மெல்ல அவன் விருப்பமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் நம்மிடம் முறையிடவும் இல்லை. அவனைப் பகைத்துக்கொண்டால் பந்து கிடைக்காதே! மறு ஆண்டு விதியை மாற்றினோம். வெள்ளிக்கிழமை மாலை சாவி ஆசிரியர் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். மீண்டும் வேண்டுமானால் திங்கட்கிழமை காலையில் வந்து கேட்க வேண்டும். அதன்பின் நாம் மறந்தாலும் சாவி மேசைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆசிரியர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் முதல் விதியின்படி அதிகாரம் தொடரும். இரண்டாம் விதியின்படி அதிகாரம் முடியும். முதல் விதியில் மௌனம் சாவி வைத்திருப்பவன் பக்கம். இரண்டாவதில் அது சாவியைக் கொடுத்தவர் பக்கம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க வரலாற்றுக்கு வருவோம்.

1787 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள், ஒரு மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்றவர்கள். ஆகவே அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்க அவர்கள் அஞ்சினார்கள். போர்ப் பிரகடனம் செய்யும் உரிமையைக் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார்கள்; படைகளின் தலைமையை அதிபருக்குக் கொடுத்தார்கள். சட்டப்படி காங்கிரஸ் ஒதுக்காத பணத்தில் ஒரு காசுகூடக் கருவூலத்திலிருந்து எடுக்கக்கூடாது என்றார்கள். ஒதுக்கிய பணத்தைச் செலவிடும் பொறுப்பை அதிபரிடம் விட்டார்கள். காங்கிரசின் சட்டத்தை மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் அதிபருக்குக் கொடுத்தார்கள். இதனை வீட்டோ என்பர். அந்த மறுப்பைக் கடக்க வேண்டுமானால், பிரதிநிதிகள் சபை, செனட் சபை ஆகிய இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.

ஏட்டில் இந்த ஏற்பாடு அழகாக இருந்தது. நடைமுறையிலோ இருபதாம் நூற்றாண்டில் தராசு ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. 1950 ஆம் ஆண்டு அதிபர் ட்ரூமன், காங்கிரசின் போர்ப் பிரகடனம் இல்லாமலேயே கொரியாவுக்குப் படை அனுப்பினார். 1964 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் வியட்நாம் தொடர்பாகக் கேட்ட டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 416 வாக்குகளால், ஓர் எதிர்ப்பும் இன்றி நிறைவேற்றியது. செனட் சபையில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. எவ்வளவு படை, எத்தனை ஆண்டு என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. அந்தப் போரில் 58,000 க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர்; வியட்நாமியர் பல இலட்சக்கணக்கில் மடிந்தனர். 1969 இல் அதிபரான ரிச்சர்ட் நிக்சன் காலத்தில், கம்போடியா மீது நடந்த குண்டுவீச்சு பொதுமக்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கும் அது தெரியாது.

1972 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள், வாஷிங்டனில் வாட்டர்கேட் என்னும் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டனர். அந்தச் சிறு நூலைப் பிடித்துக்கொண்டு விசாரணை அதிபர் மாளிகைவரை சென்றது. 1973 அக்டோபர் 20 ஆம் நாள், தம்மை விசாரித்துவந்த சிறப்பு வழக்குரைஞரை நீக்கும்படி நிக்சன் ஆணையிட்டார். அதைச் செய்ய மறுத்துத் தலைமைச் சட்ட அதிகாரி பதவி விலகினார். அவருக்கு அடுத்தவரும் மறுத்தார். மூன்றாமவர்தான் ஆணையை நிறைவேற்றினார். பதினெட்டே நாள் கழித்து, காங்கிரஸ் தன் முதல் வேலியைக் கட்டியது.

அந்த முதல் வேலியின் பெயர் போர் அதிகாரத் தீர்மானம். நிக்சன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். 1973 நவம்பர் 7 ஆம் நாள், பிரதிநிதிகள் சபை 284 க்கு 135 என்றும், செனட் சபை 75 க்கு 18 என்றும் வாக்களித்து, அவரது மறுப்பைக் கடந்து அதைச் சட்டமாக்கின. இச்சட்டத்தின்படி, அதிபர் படைகளைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் சண்டையை நிறுத்த வேண்டும். படையைப் பாதுகாப்பாகத் திரும்பப் பெற மேலும் 30 நாள் உண்டு. காங்கிரஸ் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும்? போர் முடிய வேண்டும். வியட்நாம் காலத்தில் அதிபர் பக்கம் இருந்த மௌனத்தை இந்தச் சட்டம் காங்கிரஸ் பக்கம் திருப்பியது.

இரண்டாவது வேலி பணத்தைப் பற்றியது. 1972 ஆம் ஆண்டு, ஆறுகளையும் நீர்நிலைகளையும் தூய்மைப்படுத்தும் சட்டம் ஒன்றை நிக்சனின் மறுப்பைக் கடந்து காங்கிரஸ் இயற்றியது. நகரங்கள் கழிவுநீர் நிலையங்கள் கட்டுவதற்காக, 1973, 1974 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கு 1,100 கோடி டாலர் வரை அது வழிசெய்தது. நிக்சன், 500 கோடிக்கு மேல் வழங்கவேண்டாம் என்று ஆணையிட்டார். சட்டத்தை மறுக்க முடியாதவர் பணத்தை நிறுத்திவைத்தார். பேருந்து ஓட வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு, எண்ணெய் வாங்கப் பணம் தராவிட்டால் பேருந்து ஓடுமா? நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. 1975 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்தை இவ்வாறு நிறுத்திவைக்க இடமில்லை என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்புக்கு முன்பே, 1974 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள், வரவு செலவு மற்றும் நிதி நிறுத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்துவிட்டது. அதில் கையெழுத்திட்டவர் நிக்சனேதான். அடுத்த மாதம் 9 ஆம் நாள் அவர் பதவி விலகினார். இச்சட்டத்தின்படி, ஒதுக்கிய பணம் ஒன்று தேவையில்லை என்று அதிபர் கருதினால், அதை ரத்து செய்யும்படி காங்கிரசிடம் கேட்கலாம். காங்கிரஸ் கூட்டத்தொடரின் 45 நாளுக்குள் இரண்டு சபைகளும் சம்மதிக்காவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். இங்கும் பாருங்கள், மௌனம் சம்மதம் ஆகவில்லை, மறுப்பாக ஆகிவிட்டது.

மூன்றாவது வேலி அவசரகாலத்தைப் பற்றியது. அவசரகாலம் என்ற சொல்லை மலேசியத் தமிழர்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டதையும், அரிசிக்குக் கணக்கு வைக்கப்பட்டதையும் நம் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவசரகாலம் தேவைப்படும் வேளைகள் உண்டு. அது எப்போது முடியும், யார் முடிப்பார் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் செனட் குழு ஒன்று இதை ஆராய்ந்து, வியப்பான உண்மையைக் கண்டது. நான்கு அவசரகாலங்கள் முடிவுக்கு வராமல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. முதலாவது, வங்கி நெருக்கடிக்காக 1933 இல் ரூஸ்வெல்ட் அறிவித்தது. இரண்டாவது, கொரியப் போருக்காக 1950 இல் ட்ரூமன் அறிவித்தது. மற்ற இரண்டையும் நிக்சன் 1970 இல் அஞ்சல் வேலைநிறுத்தத்துக்காகவும், 1971 இல் வாணிப நெருக்கடிக்காகவும் அறிவித்தார். அவற்றின் பலத்தில் ஏறத்தாழ 470 சட்டப் பிரிவுகள் அதிபருக்குத் தனி அதிகாரம் தந்துகொண்டிருந்தன. வங்கிகள் எப்போதோ திறந்துவிட்டன. அஞ்சல்காரர்களும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவசரகாலம் மட்டும் போகவில்லை. யாரும் சாவியைக் கேட்கவில்லை!

1976 ஆம் ஆண்டு அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட தேசிய அவசரகாலச் சட்டம், பழைய அவசரகால அதிகாரங்களுக்கு முடிவு கட்டியது. இனி அறிவிக்கப்படும் அவசரகாலம், அதிபர் ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். காங்கிரஸ் விரும்பினால், அதிபரின் கையெழுத்து இல்லாமலே, இரு சபைகளின் தீர்மானத்தால் அதை இடையில் முடிக்கலாம். மற்ற இரண்டு வேலிகளைவிட இது தாழ்வானது. காங்கிரஸ் பேசாவிட்டால், அதிபர் புதுப்பித்துக்கொண்டே போகலாம் அல்லவா? எனினும் காங்கிரஸ் பேச விரும்பினால் வழி திறந்திருந்தது.

அந்த வழியை அடைத்த வழக்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவர் பிரிட்டிஷ் கடப்பிதழோடு அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். விசா முடிந்தபின் அவர் அங்கேயே இருக்கக் குடிநுழைவு நீதிபதி ஒருவர் அனுமதித்தார். 1975 இல் பிரதிநிதிகள் சபை மட்டும் ஒரு தீர்மானம் போட்டு அந்த அனுமதியை ரத்து செய்தது. அவர் உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1983 ஆம் ஆண்டு ஏழு நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர். அதிபரின் பார்வைக்கு அனுப்பாமல் இயற்றும் தீர்மானத்துக்குச் சட்ட வலிமை இல்லை என்பது தீர்ப்பு. அந்த இளைஞருக்கு நீதி கிடைத்தது. ஆனால் அதே தீர்ப்பு, அவசரகாலச் சட்டத்தின் அந்த ஏற்பாட்டையும் செல்லாததாக்கிற்று.

1985 இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. அவசரகாலத்தை முடிக்கும் தீர்மானமும் இனி அதிபரின் கையெழுத்துக்குச் செல்ல வேண்டும். தாம் அறிவித்த அவசரகாலத்தை முடிக்க எந்த அதிபர் மனமுவந்து கையெழுத்திடுவார்? 2019 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், எல்லைச் சுவருக்குக் கேட்ட 570 கோடி டாலரில் 137.5 கோடியை மட்டுமே காங்கிரஸ் ஒதுக்கியபின், அவசரகாலத்தை அறிவித்து வேறு நிதிகளிலிருந்து பணம் எடுக்க முனைந்தார். அதை முடிக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 245 க்கு 182 என்றும், செனட் 59 க்கு 41 என்றும் நிறைவேற்றின. அதிபர் மறுத்தார். மறுப்பைக் கடக்க நடந்த வாக்கெடுப்பில் 248 பேர் ஆதரித்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. இரு சபைகளிலும் பெரும்பான்மையினர் வாய் திறந்து "வேண்டாம்" என்றார்கள், அவசரகாலம் நின்றது. 1979 இல் ஈரான் தொடர்பாக அறிவிக்கப்பட்ட அவசரகாலமோ, இரு கட்சி அதிபர்களாலும் புதுப்பிக்கப்பட்டு 2024 இலும் தொடர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. மலேசியா அதிபர் ஆட்சி நாடு அன்று. ஆயினும் 1957 ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காத அவசரகாலப் பிரகடனம் இரண்டு மாதத்தில் தானே காலாவதியாகும். 1960 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் காலக்கெடுவை நீக்கியது. 1969 மே மாதத்தில் பிறந்த பிரகடனம் 2011 ஆம் ஆண்டில்தான் ரத்து செய்யப்பட்டது. அந்தப் பிரகடனம் வந்தபோது முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைக்கு, அது முடிந்தபோது ஏறத்தாழ ஐம்பது வயது!

சரி, மற்ற இரண்டு வேலிகளாவது உறுதியாக நின்றனவா? அவற்றிலும் சந்து கண்டுபிடித்தார்கள். 2011 இல் அதிபர் ஒபாமா ஆட்சியில் லிபியா மீது வான் தாக்குதல் 60 நாளைக் கடந்தது. தரைப்படை இறங்காததால் சட்டம் சொல்லும் சண்டை இது ஆகாது என்று அவரது அரசாங்கம் வாதிட்டது. நாளைக் குறைக்க முடியாதபோது சொல்லின் பொருளைக் குறைத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டு இறுதியில் அதிபர் டிரம்ப், வெளிநாட்டு உதவிக்கான ஏறத்தாழ 490 கோடி டாலரை ரத்து செய்யும்படி காங்கிரசைக் கேட்டார். அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30 இல் முடிகிறது. 45 நாள் கெடு முடியும்முன் பணத்தின் ஆயுள் முடிந்துவிடும்! செப்டம்பர் 26 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அதில் 400 கோடி டாலரை நிறுத்திவைக்க இடைக்கால அனுமதி அளித்தது. நாள்காட்டியைக் கொண்டே மௌனத்தை மீண்டும் அதிபர் பக்கம் திருப்ப முடியும் என்பதை அன்று உலகம் கண்டது.

இதற்காக ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ட்ரூமனும் ஜான்சனும் ஒபாமாவும் ஒரு கட்சியினர். நிக்சனும் டிரம்பும் மற்றொரு கட்சியினர். வேலியைச் செப்பனிட முயன்றவர்களும் இரு கட்சியிலும் இருந்தனர். 2019 இல் குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ, 30 நாளுக்குள் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாத அவசரகாலம் தானே முடிய வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 2021 டிசம்பரில், ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த பிரதிநிதிகள் சபை, அதிபரின் அதிகாரங்களுக்குப் பல வரம்புகள் கட்டும் விரிவான மசோதா ஒன்றை 220 க்கு 208 என்று நிறைவேற்றியது. இரண்டுமே செனட் சபையைக் கடந்து சட்டமாகவில்லை. தம் கட்சிக்காரர் நாற்காலியில் இருக்கும்போது வேலி தேவையில்லை என்று தோன்றுவது மனித இயல்பு. நாற்காலி கைமாறும் என்பதை நினைப்பவர் சிலரே.

ஆனாலும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. 2021 ஜனவரி 6 ஆம் நாள், அதிபர் தேர்தல் முடிவைக் காங்கிரஸ் எண்ணி உறுதிசெய்யும் வேளையில், ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வன்முறையாகப் புகுந்தது. துணை அதிபர் தாமாகவே சில மாநில வாக்குகளை ஒதுக்கிவிடலாம் என்ற வாதம் அதற்குமுன் பரப்பப்பட்டிருந்தது. 1887 ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் தெளிவற்ற நடை அதற்கு இடம் கொடுத்தது. 2022 டிசம்பரில் இரு கட்சியினரும் சேர்ந்து அச்சட்டத்தைத் திருத்தினர். துணை அதிபரின் பணி வாக்குகளை எண்ணும் சடங்கை நடத்துவது மட்டுமே, முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று திட்டவட்டமாக எழுதினர். 2025 ஜனவரி 6 ஆம் நாள், தாய்வழியில் தமிழகத்தோடு உறவுள்ள துணை அதிபர் கமலா ஹாரிஸ் அந்த அவைக்குத் தலைமை தாங்கி, தம்முடைய தோல்வியைத் தம் வாயாலேயே அறிவித்தார். சடங்கு அமைதியாக முடிந்தது.

நேயர்களே, இந்த ஐம்பது ஆண்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் எதுவாயினும், அதைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அதிகாரம் தொடருமா, முடியுமா? முடிக்க வேண்டுமென்றால், அதை வைத்திருப்பவரின் கையெழுத்தே தேவைப்படுகிறதா? சட்டத்தின் சொற்களையும் நாள் கணக்கையும் வளைக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்களா? தலைவர் நல்லவரா கெட்டவரா என்பது இந்தக் கேள்விகளுக்குப் பின்னர் வர வேண்டியது. நம் வகுப்புத் தலைவனும் நல்ல பையன்தான். தவறு விதியை வகுத்த நம்முடையது.

மாணவர்களே, பெற்றோர்களே! வாஷிங்டன் நமக்கு வெகு தூரம். ஆனால் உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவுக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் எழுதிய விதிகள் உண்டு. இந்த வாரம் அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். பதவிக்காலம் முடிந்தும் பொதுக்கூட்டம் கூட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் தேடுங்கள். "புதியவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை பழையவரே நீடிப்பார்" என்று மட்டும் எழுதி, கூட்டத்துக்கு ஒரு நாளைக் குறிக்காமல் விட்டிருந்தால், சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கேளுங்கள்.